காலம் ஆற்றாத காயம்



துக்க வீட்டிற்குப் போகிறோம். பந்தலின் கீழ் அமர்ந்திருப்பவரின் கையைப் பற்றிக்கொள்கிறோம். என்ன பேசுவதென்று தெரியாமல் தடுமாறும் அந்த நேரத்தில் நம் எல்லாருக்கும் கைகொடுக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும்" என்பதே அது. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறை என் வகுப்பு மாணவன் ஒருவனிடமும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இன்றும் எண்ணுகிறேன். அதைப்பற்றிக் கட்டுரையின் இறுதியில் எழுதுகிறேன்.

இந்த வாக்கியம் உண்மைதானா? காலம் மட்டுமே காயத்தை ஆற்றிவிடுமா? இதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால், நம்மைப் போல் அறுபது எழுபது ஆண்டுகள் வாழ்பவர் போதாது. பல நூறு ஆண்டுகள் வாழ்கின்ற, நினைத்த நூற்றாண்டுக்குப் போய்வரக்கூடிய ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் கற்பனையில் இருக்கிறார். பிரிட்டனின் பிபிசி நிறுவனம் 23.11.1963 அன்று ஒளிபரப்பத் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைகதைத் தொடரின் நாயகர்தாம் அவர். இயற்பெயர் வெளியிடப்படவில்லை. 'டாக்டர்' என்றே எல்லாரும் அழைக்கின்றனர். இந்த மருத்துவர் தம் நோய்க்கு மருந்து தேடிய கதையைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

தொடரை அறியாதவர்களுக்கு

டாக்டர் மனிதர் அல்லர். 'டைம் லார்டு' எனப்படும் வேற்றுக்கோள் இனத்தவர். அவருடைய ஊர்தியின் பெயர் டார்டிஸ். வெளியே பார்த்தால் பழைய இலண்டன் தெருவோரத்து நீலநிறக் காவல்துறைத் தொலைபேசிப் பெட்டி. உள்ளே நுழைந்தால் முடிவில்லாத மாளிகை. அது காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும். மரணம் நெருங்கும்போது அவருடைய உடல் முற்றிலும் வேறோர் உடலாக மாறிவிடும். நினைவுகள் தொடரும்; முகமும் குணமும் மாறும். இதனால்தான் ஒரே நாயகரை அறுபது ஆண்டுகளாகப் பல நடிகர்கள் ஏற்று நடிக்க முடிந்தது. அவர்களுள் ஜோடி விட்டேக்கர் என்னும் பெண்மணியும் ஒருவர். ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும் 'அவர்' என்னும் சொல் நம் தமிழில் இருப்பது இக்கட்டுரையை எழுதும்போது எனக்கு மிகவும் வசதியாக இருக்கிறது.

பயணத்தில் அவரோடு யாராவது ஒருவர் துணை வருவார். பெரும்பாலும் மண்ணுலக மனிதர். சில காலம் உடனிருப்பார். பிறகு பிரிவார், அல்லது இழக்கப்படுவார். டாக்டர் மட்டும் எஞ்சியிருப்பார். இதுவே தொடரின் அமைப்பு. அப்படியானால் இழப்பு என்பது இந்தக் கதையில் எப்போதாவது நேரும் விபத்து அன்று; அதன் அடித்தளமே அதுதான்.

கதவடைத்தல், முகம் மாறுதல், அடுத்த பயணம்

தொடக்கக் காலத்து டாக்டர் துயரத்தை எவ்வாறு எதிர்கொண்டார் என்று பார்த்தால் மூன்று வழிகள் புலப்படும்.

முதல் வழி, கதவை அடைத்துக்கொண்டு போய்விடுவது. முதல் டாக்டராக நடித்தவர் வில்லியம் ஹார்ட்னெல். அவருடன் சூசன் என்னும் பேத்தி இருந்தாள். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் ஒளிபரப்பான கதையில், டாலெக் என்னும் கொடிய பகைவர்களால் சிதைந்த எதிர்கால இலண்டனில், டேவிட் என்னும் இளைஞனை அவள் விரும்புகிறாள். முதிய தாத்தாவைத் தனியே விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. அவளுக்காகத் தாத்தாவே முடிவெடுக்கிறார். அவள் வெளியே நிற்கும்போது டார்டிஸின் கதவை உள்ளிருந்து தாழிடுகிறார். ஒலிபெருக்கி வழியாக விடைபெறுகிறார். ஒருநாள் திரும்பி வருவதாக வாக்களித்துவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார். அது அன்பினால் செய்த செயல்தான். ஆயினும், முகத்துக்கு நேராக நின்று விடைபெறும் துணிவு அவருக்கு இல்லாமற்போயிற்று. 1983ஆம் ஆண்டின் சிறப்புக் கதையில் இருவரும் சந்தித்தனர். ஆனால், அவரே தேடிப் போய்ச் சந்திக்கவில்லை. வேறொருவர் சூழ்ச்சியால் இருவரும் ஓரிடத்துக்கு இழுத்து வரப்பட்டனர்.

இரண்டாம் வழி, முகம் மாறுவது. ஹார்ட்னெலின் உடல்நலம் குன்றியதால் 1966 அக்டோபர் 29ஆம் நாள் ஒளிபரப்பில் அவர் பேட்ரிக் ட்ரௌட்டனாக மாறினார். தயாரிப்பாளர்களின் நெருக்கடியிலிருந்து பிறந்த ஓர் அருமையான உத்தி அது. ஆனால், கதைக்குள் நின்று பார்த்தால் அதற்கு வேறொரு பொருளும் கிடைக்கிறது. புதிய முகத்துடன் எழுந்தவர் பழைய துயரங்களைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. 'அது வேறோர் ஆள்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாம் வழி, உடனே அடுத்த பயணத்துக்குக் கிளம்புவது. இதற்கு 1982ஆம் ஆண்டுக் கதை ஒன்றைச் சான்றாகக் காட்டலாம். ஐந்தாம் டாக்டராகப் பீட்டர் டேவிசன் நடித்த காலம். அட்ரிக் என்னும் பதின்ம வயதுத் துணைவன், மண்ணுலகின் மீது மோதவிருக்கும் கப்பலில் சிக்கி இறந்துபோகிறான். அந்தப் பகுதியின் இறுதியில் வழக்கமான இசை ஒலிக்கவில்லை. உடைந்துகிடக்கும் அவனுடைய பதக்கத்தின் மீது பெயர்ப் பட்டியல் ஓசையின்றி நகர்ந்தது.

அடுத்த கதையின் தொடக்கத்தில் என்ன நடக்கிறது? உடனிருந்த இரு பெண்களும், திரும்பிப் போய் அவனைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சுகின்றனர். முடியாது, சில விதிகளை மீறக்கூடாது என்று டாக்டர் மறுக்கிறார். அதுவரை சரிதான். ஆனால், அடுத்த சில நொடிகளில், வீணாகத் துயரப்படுவதை அட்ரிக்கே விரும்பமாட்டான் என்று சொல்லிவிட்டு, மனத்தைத் தேற்றிக்கொள்ள 1851ஆம் ஆண்டு இலண்டன் ஹைடு பூங்காவில் நடந்த மாபெரும் கண்காட்சிக்குப் போகலாம் என்கிறார். ஒரு பிள்ளை இறந்து முழுதாக ஒருநாள்கூட ஆகவில்லை. கண்காட்சிக்கு அழைக்கிறார்!

இதைக் கண்டு சிரிப்பதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால், ஈராண்டு கழித்து, 1984 மார்ச்சில் அதே டாக்டர் நஞ்சேறிய உடலுடன் விழுந்துகிடக்கிறார். முகம் மாறும் அந்த இறுதி நொடியில் அவர் உதடுகள் உச்சரித்த கடைசிச் சொல், அட்ரிக்கின் பெயர். மறந்துவிட்டதாகத் தோன்றியது எதுவும் மறக்கப்படவில்லை. ஈராண்டுகளாக அந்தப் பெயர் உள்ளேயே இருந்திருக்கிறது.

நாயகருக்கு நினைவாற்றல் வந்த வரலாறு

அக்காலத்து டாக்டர் துயரத்தைச் சுமக்காதவராகத் தோன்றியதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. ஒரு கதை நான்கு அல்லது ஆறு வாரம் ஓடும். அடுத்த கதையை வேறோர் எழுத்தாளர் எழுதுவார். சனிக்கிழமை மாலையில் ஒருமுறை பார்த்தால் பார்த்ததுதான். மீண்டும் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. பிபிசியே தன் பழைய ஒளிநாடாக்களை அழித்துவிட்ட காலம் அது. 1960களில் வந்த பகுதிகளில் ஏறத்தாழ நூறு இன்றும் கிடைக்கவில்லை. பார்வையாளரும் மறந்தனர், நிறுவனமும் அழித்தது, நாயகரும் மறந்தவர்போல் நடந்துகொண்டார்.

1989இல் தொடர் நின்றுபோயிற்று. 1996இல் வந்த ஒரு திரைப்படத்தைத் தவிர்த்தால், 2005 மார்ச் 26ஆம் நாள்தான் அது மீண்டும் உயிர்பெற்றது. அதற்குள் காலம் மாறியிருந்தது. பழைய கதைகள் ஒளிநாடாக்களாகவும் குறுந்தட்டுகளாகவும் வீடுகளுக்கு வந்துவிட்டன. சிறுவயதில் பார்த்தவர்கள் வளர்ந்து எழுத்தாளர்களாகிவிட்டனர். பார்வையாளர் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும்போது நாயகர் மட்டும் எப்படி மறந்திருக்க முடியும்? தொடரை மீட்டெடுத்த ரசல் டி. டேவிஸ் இதை நன்கு உணர்ந்திருந்தார். அவர் படைத்த டாக்டர், போரிலிருந்து திரும்பியவர். 'காலப் போர்' என்னும் பெரும்போரில் அவருடைய இனமே அழிந்துவிட்டது. அந்த அழிவுக்குக் காரணமானவரும் தாமே என்னும் குற்றவுணர்வு அவரை வாட்டுகிறது. கிறிஸ்டஃபர் எக்கிள்ஸ்டன் அந்த வேடத்தை ஏற்றார். தோலாடையும் ஒட்ட வெட்டிய முடியுமாக, பழைய டாக்டர்களின் ஆடம்பர உடை எதுவுமின்றி வந்தார்.

2005 ஏப்ரல் 30ஆம் நாள் ஒளிபரப்பான 'டாலெக்' என்னும் பகுதியை வாய்ப்புள்ளவர்கள் பாருங்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பெருஞ்செல்வர் ஒருவரின் நிலத்தடிக் காட்சிக்கூடத்தில் ஓர் உயிர் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடக்கிறது. உதவ வந்தேன் என்று டாக்டர் இருட்டில் அதனிடம் பேசுகிறார். அது டாலெக் என்று தெரிந்ததும் கதவை அடித்துக்கொண்டு அலறுகிறார். அதனால் சுடமுடியாது என்று தெரிந்ததும் அச்சம் நொடியில் வெறியாக மாறுகிறது. அந்தப் பிணைக்கப்பட்ட உயிரை ஏளனம் செய்து, மின்சாரம் பாய்ச்சித் துன்புறுத்துகிறார். பின்னர் அவர் பெருந்துப்பாக்கியுடன் அதனைக் கொல்ல வரும்போது, பத்தொன்பது வயதுத் தோழி ரோஸ் இடையில் நின்று தடுக்கிறாள். அப்போதுதான் தாம் என்னவாகிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிகிறது.

புதைக்கப்பட்ட துயரம் கண்ணீராக மட்டுமே வெளிவரும் என்று நாம் நினைக்கிறோம். பல வேளைகளில் அது சினமாக வருகிறது. சில வேளைகளில் செருக்காகவும் வருகிறது. 2009 நவம்பரில் வந்த செவ்வாய்க்கோள் கதையில், டேவிட் டென்னன்ட் நடித்த பத்தாம் டாக்டர், இனி எவரையும் இழக்கமாட்டேன் என்று காலத்தின் விதிகளையே உடைக்கிறார். தம்மைத் தடுக்க எவருமில்லை என்று முழங்குகிறார். அவரால் காப்பாற்றப்பட்ட விண்வெளி வீராங்கனை, அந்தச் செருக்கைக் கண்டு அஞ்சி, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கிறார். அதற்கு மூன்றாண்டு முன்பே, 2006 கிறிஸ்துமஸ் கதையில், டோனா என்னும் பெண்மணி அவரை எச்சரித்திருந்தாள். உங்களை நிறுத்துவதற்கு எப்போதும் ஓர் ஆள் உடன் வேண்டும் என்றாள். செவ்வாயில் அவர் தனியாகத்தான் இருந்தார்.

247 கோடியும் 450 கோடியும்

தொடரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 23.11.2013 அன்று ஒரு சிறப்புப் படம் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பாயிற்று. மூன்று டாக்டர்கள் ஒரே சிறையறையில் அமர்ந்திருக்கின்றனர். போரை நடத்திய டாக்டராக மூத்த நடிகர் ஜான் ஹர்ட். அவருடைய எதிர்கால உருவங்களாக டென்னன்டும் மேட் ஸ்மித்தும். அந்தக் கோள் அழிந்த நாளில் அங்கே எத்தனை குழந்தைகள் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா என்று போர்க்காலத்தவர் கேட்கிறார். ஒருவர் தெரியாது என்கிறார். மற்றவர் 247 கோடி என்று எண்ணைச் சொல்கிறார். பிறகு, அதை எப்படி மறந்தாய் என்று தம்முடைய அடுத்த உருவத்தின் மீதே சினங்கொள்கிறார்.

ஒரே மனத்தின் இரண்டு நிலைகள் அவை. எண்ணிக்கொண்டே இருப்பது ஒன்று. எண்ணை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வது மற்றொன்று. இடையில் ஓடியது நானூறு ஆண்டு. அந்த நானூறு ஆண்டு எதையும் ஆற்றவில்லை. எண்ணை மட்டும் அழித்திருக்கிறது.

'காலம் ஆற்றும்' என்னும் கூற்றுக்கு இத்தொடர் அளித்த மிகக் கடுமையான விடை 2015 நவம்பர் 28 அன்று வந்தது. 'ஹெவன் சென்ட்' என்பது அப்பகுதியின் பெயர். ஸ்டீவன் மொஃபாட் எழுத, ரேச்சல் டலலே இயக்கினார். அதற்கு முந்தைய வாரந்தான் தோழி கிளாரா இறந்திருந்தாள். கடல் சூழ்ந்த கோட்டை ஒன்றில் டாக்டர் தனியே அடைபட்டிருக்கிறார். முக்காடிட்ட உருவம் ஒன்று மெல்ல மெல்ல நடந்து அவரைத் தொடர்கிறது. அவர் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டால் அது சற்று நிற்கும். கோட்டையின் ஒரு மூலையில் வைரத்தைவிடப் பன்மடங்கு கடினமான சுவர். அதை அவர் வெறுங்கையால் குத்துகிறார். சில குத்துகளில் அந்த உருவம் அவரைப் பிடித்துவிடுகிறது. குற்றுயிராகத் தவழ்ந்து போய்த் தம் உடலையே எரித்து, அந்த ஆற்றலால் தம்முடைய பழைய படியைப் புதிதாகப் பிறப்பிக்கிறார். புதியவருக்கு எதுவும் நினைவில்லை. கிளாரா இறந்த துயரம் மட்டும் நேற்று நடந்ததுபோல் புதிதாக இருக்கிறது. மீண்டும் அதே கோட்டை, அதே சுவர், அதே சில குத்துகள். கடலடியில் குவிந்துகிடக்கும் மண்டையோடுகள் அனைத்தும் அவருடையவையே. இப்படியே 450 கோடி ஆண்டுகள் கழிகின்றன. சுவர் உடைகிறது.

பலர் இதனை விடாமுயற்சியின் கதையாகப் போற்றுகின்றனர். மாணவர்களுக்கு ஊக்கமூட்ட நல்ல கதை என்று கூறுவாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பீட்டர் கபால்டியின் நடிப்பு ஈடிணையற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால், இந்தக் கதையில் நான் காண்பது துயரத்தில் சிக்கிய ஒருவரின் அன்றாடத்தை. ஒவ்வொரு நாளும் எழுகிறார், இழப்பு புதிதாகத் தாக்குகிறது, சுவரில் முட்டுகிறார், விழுகிறார். 450 கோடி ஆண்டுகளும் அவருக்கு ஒரே நாளாகத்தான் கழிந்தன. இழந்த நாளைவிட, அதன்பிறகு வரும் ஒவ்வொரு நாளும்தான் கொடியது என்னும் பொருள்பட அவரே அப்பகுதியில் பேசுகிறார். அடுத்த வாரக் கதையில் இன்னொன்றும் தெரியவருகிறது. தம்மிடமிருந்த ஒரு செய்தியைச் சொல்லியிருந்தால் அந்தச் சிறையிலிருந்து அவர் எப்போதோ வெளியேறியிருக்கலாம். அதை மறைத்துவைத்துப் பேரம் பேசினால் இறந்த தோழியை மீட்கலாம் என்பது அவர் கணக்கு. வாய்திறந்தால் வெளிவரக்கூடிய சிறையில், வாய்திறக்காமல் கையால் சுவரை இடித்துக்கொண்டிருந்தார். காலத்தையே ஊர்தியாகக் கொண்டவருக்கு, காலம் மட்டும் எதையும் செய்து தரவில்லை.

ஒரு தோட்டத்து மேசை

பிறகு எதுதான் ஆற்றியது? இதற்கான விடை 2023ஆம் ஆண்டு, அறுபதாம் ஆண்டு நிறைவுக் கதைகளில் வந்தது.

முதலில் டோனாவைப் பற்றிச் சொல்லவேண்டும். 2008இல் டாக்டரின் மனம் முழுவதும் அவளுக்குள் புகுந்துவிட்டது. மனித மூளையால் அதைத் தாங்க முடியாது. ஆகவே, அவள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும், தம்மைப் பற்றிய நினைவுகள் அனைத்தையும் டாக்டர் அவளிடமிருந்து அழித்தார்; அவள் உயிர் பிழைத்தாள். மறத்தலே மருந்து என்னும் பழைய முறைதான் அது. 2023 நவம்பரில் அவளுக்கு நினைவு திரும்புகிறது. ஆனாலும் அவள் சாகவில்லை. ஏன்? இடைப்பட்ட ஆண்டுகளில் அவளுக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். தாயின் சுமையில் ஒரு பங்கு மகளுக்கும் வந்துவிட்டது. ஒருவரைக் கொன்றிருக்கக்கூடிய பாரத்தை இருவர் சேர்ந்து தாங்கிக்கொண்டனர். பிறகு அதனை இறக்கியும் வைத்துவிட்டனர்.

அடுத்து 9.12.2023 அன்று வந்த 'தி கிகிள்' என்னும் பகுதி. 1966ஆம் ஆண்டுக் கதையொன்றில் தோன்றிய பொம்மைக்காரன் என்னும் பகைவன் திரும்பி வருகிறான். அவன் ஒரு பொம்மலாட்டம் நடத்துகிறான். ஏமி, கிளாரா, பில் என்று டாக்டர் இழந்த துணைவர்களை ஒவ்வொரு பொம்மையாகக் காட்டுகிறான். ஒவ்வொருவருக்கும் டாக்டர் ஒரு சமாதானம் சொல்கிறார்: அவள் முதுமையடைந்துதான் இறந்தாள், இவள் ஏதோ ஒருவகையில் வாழ்கிறாள் என்று. அப்படியானால் எல்லாம் சரிதானே என்று அவன் ஏளனம் செய்கிறான். துக்கம் விசாரிக்க வருபவரிடம் 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று சொல்லிச் சமாளிப்போமே, அந்தப் பேச்சுதான் அது.

பிறகு நடப்பது தொடரின் வரலாற்றிலேயே புதுமை. டாக்டர் மரணக்காயமுற்றதும் முகம் மாறவில்லை. இரண்டு ஆளாகப் பிரிகிறார். பழையவர் டேவிட் டென்னன்ட். புதியவர் ஷூட்டி கட்வா. புதியவர் பழையவரை அணைத்து, இழந்தவற்றையெல்லாம் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். 1982இல் கண்காட்சிக்குப் போகலாமென்று ஒதுக்கிவைக்கப்பட்ட அட்ரிக்கின் பெயர் அங்கே வருகிறது. சேரா ஜேனின் பெயரும் வருகிறது. அவ்வேடமேற்ற நடிகை எலிசபெத் ஸ்லேடன் 2011இல் மறைந்தவர். நீ ஓடிக்களைத்துவிட்டாய், இனி நில் என்று புதியவர் கூறுகிறார். நீ நின்று உன்னைக் குணப்படுத்திக்கொள்வதால்தான் நான் நலமாக இருக்கிறேன் என்றும் விளக்குகிறார்.

பழையவர் டோனாவின் குடும்பத்தாருடன் தங்கிவிடுகிறார். இறுதிக் காட்சியில் தோட்டத்தில் ஒரு மேசை. அதைச் சுற்றிக் குடும்பத்தார். உணவு, கேலி, சிரிப்பு. சிறு பயணங்கள் ஒன்றிரண்டு போய்வந்ததை அவர் குறும்பாக ஒப்புக்கொண்டாலும், இரவானால் திரும்பி வந்து சேர அவருக்கு ஒரு வீடு இருக்கிறது. 1964இல் பேத்தியை வெளியே நிறுத்திக் கதவைத் தாழிட்டவர், ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

இது ஏமாற்று இல்லையா?

நண்பர்கள் சிலர் இதனை ஏற்கமாட்டார்கள். ஆள் இரண்டாகப் பிரிவதும், ஒருவர் ஓய்வெடுக்க மற்றவர் அதன் பயனைப் பெறுவதும் எழுத்தாளரின் கண்கட்டு வித்தை அல்லவா? உண்மைதான். நம்மில் யாரும் இரண்டாகப் பிரிய முடியாது. வேலைக்கும் போகவேண்டும், துயரத்தையும் ஆற்றவேண்டும். இரண்டையும் ஒரே உடல்தான் செய்தாகவேண்டும். இந்தக் குறையை நான் மறுக்கமாட்டேன்.

ஓடிக்கொண்டே இருப்பவர்தான் வீரர், அழுபவர் வீரரல்லர் என்போரும் உண்டு. பதினைந்தாம் டாக்டராக வந்த கட்வா பல பகுதிகளில் வெளிப்படையாகக் கண்ணீர் விட்டார். எனக்கு அது குறையாகப் படவில்லை. அட்ரிக் இறந்தபோது அழாத டாக்டரைவிட, அழத் தெரிந்த டாக்டரிடம் ஒரு குழந்தையை நம்பி ஒப்படைக்கலாம் என்பேன்.

அதேநேரத்தில், எல்லாம் குணமாகிவிட்டது என்றும் இத்தொடர் பொய் சொல்லவில்லை. 2025 மே 17 அன்று வந்த கதையில், பல கோடி உயிர்களைக் கொல்ல முனைந்த ஒருவனை அதே பதினைந்தாம் டாக்டர் மின்தாக்குதலால் மீண்டும் மீண்டும் துன்புறுத்துகிறார். 2005இல் டாலெக்கிடம் காட்டிய அதே வெறி. தோழி பெலிண்டா கண்முன் வந்து நின்ற பிறகே அவர் தணிகிறார். அதே கதையில், 1964இல் கதவுக்கு வெளியே நின்ற பேத்தி சூசன் அவர் மனக்கண்முன் தோன்றுகிறாள். நடித்தவர் அதே கரோல் ஆன் ஃபோர்ட். குணமடைதல் ஒருநாளில் முடியும் செயலன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அந்த மாதம் 31ஆம் நாள் கட்வாவின் டாக்டரும் முகம் மாறினார். புது முகத்துக்கும் அந்தச் சுமை போய்ச்சேரும்.

ஆகவே, என் கருத்து இதுதான். காலம் தானாக எதையும் ஆற்றுவதில்லை. காலம் ஒரு வெற்றுப் பாத்திரம். அதற்குள் நாம் எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே அது மருந்தாகும். மௌனத்தைப் போட்டால், 450 கோடி ஆண்டு கழித்தும் புண் புதிதாகவே இருக்கும். இழந்தவரின் பெயரைச் சொல்லவிடும் ஒரு காதும், எழுந்து போகாமல் உடன் அமரும் ஓர் ஆளும் இருந்தால், சில திங்களிலேயே மாற்றம் தெரியும்.

அந்த மாணவன்

யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடைமுறையிலிருந்த காலம். என்னுடைய ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவனின் தந்தை ஆண்டின் நடுவில் இறந்துபோனார். நான்காம் நாளே அவன் பள்ளிக்கு வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை தேய்த்து, தலை வாரி, வீட்டுப்பாடத்தையும் முடித்து வந்திருந்தான். நான் அவனை அருகில் அழைத்து, "தேர்வு நெருங்குகிறது, படிப்பில் கவனம் வை, காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும்" என்றேன். அவன் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு இருக்கைக்குப் போய்விட்டான். தைரியசாலி என்று ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லாரும் பாராட்டினோம்.

இரண்டு திங்கள் கழித்து, சிற்றுண்டிச்சாலையில் யாரோ விளையாட்டாக அவனது தண்ணீர்ப் புட்டியைத் தட்டிவிட்டதற்காக, அந்தப் பையனைக் கீழே தள்ளி ஓயாமல் அடித்தான். இருவர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது. அந்தப் புட்டி அவன் தந்தை வாங்கிக் கொடுத்தது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றுதான் முதன்முறையாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டேன். இரண்டு பாடவேளை அவன் பேசினான். நான் எதுவும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய இரண்டு திங்களும் அவன் யாரிடமும் தந்தையின் பெயரைச் சொன்னதில்லை என்றான்.

அவனுக்கு நான் கொடுத்தது, 1851ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கான அழைப்பு. வேறு பெயரில் கொடுத்தேன்; தேர்வு என்று.

துக்க வீட்டில் இப்போது நான் அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்வதில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். பேச விரும்பினால் பேசட்டும் என்று காத்திருக்கிறேன். மாணவர்களிடமும் அவ்வாறே. பாடத்திட்டம் ஒரு நாள் பின்தங்கினால் பின்தங்கட்டும்.